திருக்கை முள் ஸ்டேஷனில் 17 மார்க்: அது பாஸா?

பாம்பன்வாசி
ஆஸ்கி (OSCE) ஸ்டேஷன், அதாவது மருத்துவ மாணவர்கள் வரிசையாகப் போய்ச் செய்துகாட்டும் செயல்முறைத் தேர்வில் ஒரு நிறுத்தம். வலது கணுக்காலில் திருக்கை முள் குத்திய மீனவர், 7 நிமிடம். ராமநாதபுரம் கரையோரத்தில் வேலைக்கு வரும் யாரும் தப்ப முடியாத கேஸ். செக்லிஸ்ட் 20 வரி, வரிக்கு 1 மார்க். மாணவர் பெயர் சொன்னார், கை கழுவினார், அனுமதி கேட்டார், முள் துண்டு உள்ளே நிற்கிறதா என்று எக்ஸ்ரே எழுதினார், டெட்டனஸ் ஊசியை விசாரித்தார். "சுடுதண்ணியில கால வைக்கணும்" என்றார், டிக். பிறகு பிளாஸ்கை வாளியில் கவிழ்த்துவிட்டு, கையை விட்டுப் பார்க்காமலே காலைப் பிடித்து இறக்கப் போனார். நோயாளியாக நடித்தவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

தண்ணீர் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. கடுகடுக்கும் காலுக்குச் சூட்டின் அளவு தெரியாது, வெந்துபோகும். மாணவரின் கையோ நோயாளியின் நல்ல காலோதான் முதலில் தொட வேண்டும். அதை விட்டதற்குப் போனது 1 மார்க். மொத்தம் 17, பாஸ் மார்க் 10. எக்ஸாமினரின் ஒட்டுமொத்த மதிப்பீடோ 'தோல்வி'. அந்தத் தாள் இன்னும் உறுத்துகிறது.

தொண்டி
கோளாறு அந்த 10-ல் இருக்கிறது. சுலபமான ஸ்டேஷனுக்கும் 50 சதவீதம், கஷ்டமானதுக்கும் 50 சதவீதம் என்றால் அது எதை அளக்கிறது? ஒட்டுமொத்த மதிப்பீட்டை 1 தோல்வி, 2 எல்லைக்கோடு, 3 தேர்ச்சி, 4 நன்று, 5 மிக நன்று என்று எண்ணாக்குங்கள். அதைப் படுக்கை அச்சிலும் செக்லிஸ்ட் மார்க்கை நிமிர்ந்த அச்சிலும் வைத்து, எல்லா மாணவர்களுக்கும் சேர்த்து ஒரு நேர்கோடு. எக்செல்லே போட்டுத் தரும். உதாரணத்துக்கு, கோட்டின் சாய்வு 3, வெட்டுத்துண்டு (கோடு நிமிர்ந்த அச்சைத் தொடும் இடம்) 6.4 என்றால், எல்லைக்கோடான 2-க்கு நேரே 3 × 2 + 6.4 = 12.4. அதுதான் அந்த ஸ்டேஷனின் பாஸ் மார்க்.

கீழக்கரை
தொண்டி சார், கோடு 12.4 காட்டினாலும் அந்த 17 பாஸ்தானே? வரிக்கு 1 என்பதை உடைக்காமல் எந்தக் கணக்கும் உதவாது. பெயர், கை கழுவல், அனுமதி மூன்றும் சேர்ந்து 2 போதும். சூடு பார்த்து இறக்குவதற்கு 4: வாயால் சொன்னால் 1, தொட்டுப் பார்த்தால் 3, நோயாளியிடமும் கேட்டால் 4. 'சொன்னார்', 'செய்தார்' இரண்டும் ஒரே டிக்கில் வரவே கூடாது.

அதை விட்டால் உடனே ஃபெயில் என்ற விதியும் வேண்டாம். எக்ஸாமினர் குனிந்து எழுதும் நொடியில் மாணவர் தொட்டிருக்கலாம். ஆபத்தான செயலைத் தனித் தாளில் எழுதித் தேர்வுக் குழுவுக்கு அனுப்புவதே நியாயம்.

மண்டபம்
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டியது. ஒட்டுமொத்த மதிப்பீட்டை, செக்லிஸ்ட் மார்க்கைக் கூட்டுவதற்கு முன்பே வட்டமிட வைக்க வேண்டும். கூட்டல் 17 என்று கண்ணில் பட்டால் கை தானாக 'நன்று' பக்கம் போகும். கோடு அழகாகப் பொருந்தும், ஆனால் அது ஒரே மார்க்கை இரண்டு தடவை எழுதியது.

மாணவர்கள் குறைவு என்றால் கோடு ஆடும். அங்கே ஆங்காஃப் முறை: எல்லைக்கோட்டு மாணவர் ஒவ்வொரு வரியையும் செய்வதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஆசிரியர்கள் தனித்தனியாக எழுதி, பேசி, திருத்தி, சராசரிகளைக் கூட்ட வேண்டும். பலர் தங்கள் நல்ல மாணவரை மனதில் வைத்து எழுதுவதால் பாஸ் மார்க் எகிறும். 'எல்லைக்கோடு' யார் என்று முதலில் அரை மணி நேரம் பேசாமல் தொடங்கவே கூடாது.

10 ஸ்டேஷன், 200 மார்க், பாஸ் மார்க் கூட்டல் 118 என்று வையுங்கள். மார்க்குகளின் திட்ட விலக்கம் 16, நம்பகத்தன்மை (திரும்ப வைத்தாலும் மார்க் எவ்வளவு மாறாமல் நிற்கும் என்பது) 0.75 என்றால் அளவீட்டுப் பிழை, அதாவது மார்க் தற்செயலாக ஏறி இறங்கும் அளவு, 16 × √(1 − 0.75) = 8. அதைச் சேர்த்து 126 ஆக்கலாம். கூடவே குறைந்தது 6 ஸ்டேஷனிலாவது தேற வேண்டும் என்ற நிபந்தனை. இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் பார்ப்பதில் வாங்கிய முழு மார்க், சிபிஆரில் கோட்டைவிட்டதை மூடிவிடும்.

தேவிபட்டினம்
பாம்பன்வாசி, நடித்தவர் எல்லா மாணவருக்கும் காலை இழுத்தாரா? 1975-ல் டண்டீயில் ஹார்டன் குழு ஆஸ்கியைக் கொண்டுவந்ததே, எல்லோரும் ஒரே கேள்வியைச் சந்திக்க வேண்டும் என்றுதான். ஒருவருக்கு இழுத்தால் அது துப்பு. சுதாரித்துக்கொண்டு அடுத்த நொடி கையை விட்டுப் பார்ப்பார். இழுக்காத மாணவருக்கு அந்தத் துப்பு இல்லை. நோயாளியின் தாளில் எழுதியே கொடுங்கள்: வாளியில் எப்போதும் வெதுவெதுப்பான தண்ணீர்தான், கால் தண்ணீரைத் தொடும்வரை அசையக் கூடாது, தொட்டதும் "சுடுதுங்க" என்று ஒரே ஒரு தடவை. மதியத்துக்கு ஆள் மாற்றினால், புதியவர் காலையில் நடித்தவரோடு இரண்டு சுற்றாவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.