மேப்சர்வர் வரைபடத்தில் பயனர் வரையும் வடிவங்கள் நிலைக்கவில்லை; மேற்குப் பக்கக் கண்மாய்களில் வட்டம் தோன்றவே இல்லை

கேள்வி: மாடக்குளத்தான்

வணக்கம். மதுரை மாவட்டக் கண்மாய்களுக்கான வரைபடம் ஒன்றை மேப்சர்வர் என்ற வரைபட மென்பொருள் மூலம் சேவையகத்திலேயே படமாக உருவாக்கி இணையப் பக்கத்தில் காட்டி வருகிறேன். கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் ஆகியவை போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் புவியியல் தரவுத்தளத்தில் உள்ளன. அவை எந்தக் குறையுமின்றி வருகின்றன. இவற்றின் மேல் பயனர் இரண்டு வகை வடிவங்களை வரைய வேண்டும். ஒன்று, கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் இடத்தைச் சுற்றிப் போடும் பலகோணம். மற்றொன்று, ஏதேனும் ஒரு கலுங்கையோ மடையையோ சொடுக்கினால் அதைச் சுற்றி விழும் 500 மீட்டர் வட்டம்.

வடிவம் வந்ததும் மேப்சர்வரைப் பைத்தான் நிரலிலிருந்து இயக்கும் மேப்ஸ்கிரிப்ட் வழியாக நினைவகத்திலேயே ஓர் அடுக்கை உருவாக்கி, புள்ளிகளைச் சேர்த்து, படத்தை வரைந்து அனுப்புகிறேன். பலகோணத்தின் புள்ளிகள் உலாவியிலிருந்து ஈபிஎஸ்ஜி 3857 (இணைய வரைபடங்களின் வழக்கமான ஆயமுறை) ஆயத்தொலைவுகளாகவே வருகின்றன. வட்டத்துக்கு மட்டும், சொடுக்கிய இடத்தை யூடிஎம் என்ற ஆயமுறையின் மீட்டர் அளவுக்கு மாற்றிப் புள்ளிகளைக் கணக்கிடும் செயற்கூறு ஒன்று நிரலில் முன்பிருந்தே இருக்கிறது. வட்ட அடுக்குக்கு ஈபிஎஸ்ஜி 32644 (யூடிஎம் ஆயமுறை ஒன்றின் எண்) என்று மேப்சர்வரின் அமைப்புக் கோப்பான மேப்ஃபைலில் குறித்திருக்கிறேன்.

இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, வரைந்த வடிவம் முதல் படத்தில் சரியாகத் தெரிகிறது. ஆனால் வரைபடத்தைப் பெரிதாக்கினாலோ நகர்த்தினாலோ மறைந்துவிடுகிறது. இரண்டாவது, மாடக்குளம், வண்டியூர், மேலூர்ப் பக்கங்களில் வட்டம் ஒழுங்காக விழுகிறது. சோழவந்தான், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களில் வட்டம் தோன்றுவதே இல்லை. பிழைச் செய்தியும் வருவதில்லை. பலகோணமோ எல்லா இடங்களிலும் சரியாக வருகிறது. காரணம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: ஆனையூர்

இவ்வளவு சிரமம் எதற்கு, நண்பரே? வடிவங்களை ஓப்பன்லேயர்ஸ் என்ற உலாவி வரைபட நிரலகத்தில் ஒரு வெக்டர் அடுக்காக உலாவியிலேயே வரைந்துவிடலாமே. சேவையகம் பின்னணிப் படத்தை மட்டும் கொடுத்தால் போதும். பெரிதாக்கினாலும் நகர்த்தினாலும் வடிவம் அங்கேயே நிற்கும்.

மாடக்குளத்தான்

திரையில் பார்ப்பதற்கு மட்டும் என்றால் அதையே செய்திருப்பேன். ஆனால் ஆயக்கட்டு விவசாயிகள் இதனைப் பெரிய தாளில் அச்சிட்டு ஊர்க்கூட்டத்தில் விரித்து வைத்துப் பேசுகிறார்கள். அந்த அச்சுப் படம் சேவையகத்தில்தான் உருவாகிறது. அதோடு, இதே வரைபடத்தை டபிள்யூஎம்எஸ் (வரைபடங்களை இணையத்தில் படமாக வழங்கும் பொதுமுறை) சேவையாகக் கியூஜிஐஎஸ் என்ற வரைபடச் செயலியில் திறப்பவர்களுக்கும் அந்த வடிவங்கள் தெரிய வேண்டும். ஆகவே வடிவம் சேவையகம் தரும் படத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

மறுமொழி: பழைய நில அளவையாளர்

தம்பி, முதல் சிக்கலை முதலில் பார்ப்போம். மேப்சர்வருக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு படக் கோரிக்கைக்கும் அது மேப்ஃபைலை எடுத்துப் படித்து, படத்தை வரைந்து கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் மறந்துவிடும். நீங்கள் மேப்ஸ்கிரிப்டில் சேர்த்த அடுக்கு அந்த ஒரு கோரிக்கையோடு முடிந்துபோகிறது. பயனர் படத்தை நகர்த்தும்போது உலாவி புதிய எல்லைகளோடு புதிய கோரிக்கையை அனுப்புகிறது. அதில் வடிவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே படத்திலும் இல்லை. இது பழுதன்று, அது இயங்கும் முறையே அப்படித்தான்.

வடிவத்தின் புள்ளிகளை ஒவ்வொரு கோரிக்கையின் முகவரியிலும் சேர்த்து அனுப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். வட்டத்துக்கு அது சரிவரும், ஏனென்றால் ஒரு மையமும் ஓர் ஆரமும் போதும். சீமைக்கருவேலப் புதரின் ஓரத்தை ஒட்டி ஐம்பது, நூறு புள்ளிகளாகச் சொடுக்கி வரைந்த பலகோணத்துக்கு அந்த முறை தாங்காது. முகவரி நீண்டுகொண்டே போய், இடையில் உள்ள ஏதோ ஒரு சேவையகம் அதை ஏற்க மறுத்துவிடும்.

நான் சொல்லும் வழி இது. போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் வடிவங்களுக்கென்று தனி அட்டவணை ஒன்றை வையுங்கள்: செஷன் அடையாளம் (ஒரு பயனரின் அமர்வுக்குரிய குறியீடு), வடிவம், உருவாக்கிய நேரம். பயனர் வரைந்து முடித்ததும் வடிவம் அங்கே சேமிக்கப்படட்டும். மேப்ஃபைலில் அந்த அட்டவணையைப் படிக்கும் அடுக்கை நிரந்தரமாகவே எழுதிவிடுங்கள். அதன் தரவு வரியில் செஷன் அடையாளத்துக்குரிய இடத்தில் சதவீதக் குறிகளுக்கு இடையே மாறியின் பெயரைக் கொடுத்தால், கோரிக்கையில் வரும் மதிப்பை மேப்சர்வர் அங்கே பொருத்திக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்த ஓர் அடையாளம் மட்டும் போனால் போதும். நகர்த்தினாலும், அச்சிட்டாலும், கியூஜிஐஎஸ்ஸில் திறந்தாலும் வடிவம் கூடவே வரும். அடுக்கைக் கோப்பின் கடைசியில் எழுதுங்கள். மேப்சர்வர் எழுதிய வரிசையிலேயே வரைவதால், முன்னால் எழுதிய வடிவம் கண்மாயின் நீல நிறத்துக்கு அடியில் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. முகவரியில் வரும் மதிப்பு நேராக எஸ்கியூஎல் என்னும் தரவுத்தளக் கட்டளைக்குள் போகிறது. அந்த அடுக்கின் சரிபார்ப்புப் பகுதியில், அடையாளம் பதினாறடிமான எழுத்துகளால் மட்டுமே, குறித்த நீளத்தில் மட்டுமே இருக்கலாம் என்று இறுக்கமான விதியை எழுதுங்கள். எதையும் அனுமதிக்கும் விதியை எழுதுவது வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம்.

மறுமொழி: நரிமேடு நிரலர்

இரண்டாவது சிக்கலுக்கு ஆய அச்சுகளின் வரிசை காரணமாக இருக்குமோ? டபிள்யூஎம்எஸ் 1.3.0 பதிப்பில் ஈபிஎஸ்ஜி 4326 என்றால் அட்சரேகை முதலிலும் தீர்க்கரேகை அடுத்தும் வர வேண்டும், 1.1.1 பதிப்பில் அது தலைகீழாக இருந்தது. பலரும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மறுமொழி: பழைய நில அளவையாளர்

அப்படி இருந்தால் மேலூர் வட்டமும் வந்திருக்காது. நம் ஊரின் அட்சரேகை ஏறத்தாழ 10, தீர்க்கரேகை ஏறத்தாழ 78. இரண்டையும் மாற்றிப் போட்டால் எல்லா வட்டங்களும் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் விழும். இங்கே கிழக்கில் வருகிறது, மேற்கில் வரவில்லை. அதுவும் வட்டம் மட்டும் வரவில்லை. ஆகவே ஐயம் அந்த யூடிஎம் செயற்கூற்றின் மேல்தான் விழுகிறது. தம்பி, மாடக்குளத்தில் ஒன்றும் சோழவந்தானில் ஒன்றுமாகச் சொடுக்கி, அது தரும் கிழக்குத் தொலைவுகளைப் பதிவேட்டில் எழுதச் செய்து இங்கே இடுங்கள்.

மாடக்குளத்தான்

பார்த்தேன், ஐயா. மதுரை நகரத்துப் புள்ளிகளுக்கெல்லாம் 1,84,000 மீட்டரை ஒட்டி வருகிறது. சோழவந்தானை அடுத்த தென்கரைக் கண்மாய்க் கரையில் சொடுக்கினால் 8,24,000 என்று வருகிறது. மேற்கே போகப் போகக் குறைய வேண்டிய எண் இப்படி ஏறியிருப்பது புரியவில்லை.

மறுமொழி: பழைய நில அளவையாளர்

விடை அந்த எண்ணிலேயே இருக்கிறது. யூடிஎம் முறையில் பூமியை ஆறு பாகைக்கு ஒன்றாக மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். 72 முதல் 78 பாகை வரை 43-ஆம் மண்டலம். 78 முதல் 84 வரை 44-ஆம் மண்டலம். அந்த 78 பாகைக் கோடு நம் மாவட்டத்துக்குள்ளேயே, மதுரை நகரத்துக்கும் திருமங்கலத்துக்கும் இடையே ஓடுகிறது. மாடக்குளம், வண்டியூர், மேலூர் எல்லாம் கோட்டுக்குக் கிழக்கே. திருமங்கலம், சோழவந்தான், உசிலம்பட்டி எல்லாம் மேற்கே. உங்கள் செயற்கூறு தீர்க்கரேகையைப் பார்த்து மண்டலத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கிறது என்று நினைக்கிறேன்: 180-ஐக் கூட்டி, 6-ஆல் வகுத்து, முழு எண்ணோடு 1 சேர்க்கும் வழக்கமான சூத்திரம். தென்கரைக்கு அது 43 என்கிறது. ஆயத்தொலைவுகள் 43-ஆம் மண்டலக் கணக்கில் வருகின்றன. மேப்ஃபைலோ அவற்றை 32644 என்று, அதாவது 44-ஆம் மண்டலமாக எடுத்துக்கொள்கிறது. ஆறு பாகை கிழக்கே தள்ளிப்போக, நம் அட்சரேகையில் அது சுமார் 650 கிலோமீட்டர். உங்கள் தென்கரை வட்டம் இலங்கையையும் தாண்டி வங்கக் கடலில் அழகாக விழுந்துகொண்டுதான் இருக்கிறது. மேப்சர்வர் தனக்குச் சொன்னதைச் சரியாகவே செய்ததால் பிழைச் செய்திக்கும் இடமில்லை.

மாவட்டம் முழுவதற்கும் 44-ஆம் மண்டலத்தையே வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைத் தாண்டிச் சற்று மேற்கே போவதால் கணக்கு கெட்டுவிடாது. மண்டலத்தின் ஓரத்தில் தூரங்கள் சற்று வீங்கிக் காட்டும்; மதுரையை ஒட்டி அந்த வீக்கம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். 500 மீட்டரில் அரை மீட்டர். தென்கரைப் புள்ளி அப்போது 1,66,000-ஐ ஒட்டி வரும். வந்ததா என்று சரிபாருங்கள்.

மாடக்குளத்தான்

மண்டலத்தை 44 என்று நிலையாக வைத்தேன்; உசிலம்பட்டி வரை வட்டங்கள் வந்துவிட்டன. மிக்க நன்றி, ஐயா. ஒரு துணைக் கேள்வி: வரைபடமே 3857-இல் இருக்கும்போது யூடிஎம்முக்குப் போகாமல் அதிலேயே 500 அலகு ஆரத்தில் வட்டம் போட்டால் என்ன?

மறுமொழி: நரிமேடு நிரலர்

கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கணக்கில் பிடிபடும். 3857-இன் மீட்டர் நிலநடுக்கோட்டில் மட்டுமே மீட்டர். நம் அட்சரேகையில் ஒன்றரை விழுக்காடு நீட்டிக் காட்டும். நீங்கள் 500 என்று போடும் ஆரம் தரையில் சுமார் 492 மீட்டர். பரப்பில் மூன்று விழுக்காடு குறையும். ஊர்க்கூட்டத்தில் யாராவது சங்கிலி வைத்து அளந்தால் கேள்வி வரும். மையப் புள்ளியை மட்டும் சேமித்துவிட்டு, வட்டத்தைப் போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் ஜியோகிராஃபி வகையில் (அட்சரேகை, தீர்க்கரேகையில் சேமித்து மீட்டரில் அளப்பது) சுற்றெல்லை வரையும் பஃபர் செயற்கூறு கொண்டு உருவாக்கினால் மண்டலக் கவலையே இல்லை. அது இயல்பாகக் கால் வட்டத்துக்கு எட்டுத் துண்டுகளாக, மொத்தம் முப்பத்திரண்டு பக்கங்களோடு வரையும். அதிலும் பரப்பு அரை விழுக்காட்டுக்கு மேல் குறையும் என்பதால், பரப்பை அச்சிடுவதாக இருந்தால் துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

பலகோணத்துக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பயனர் அவசரத்தில் சொடுக்கும்போது கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால், எட்டு வடிவத்தின் இரண்டு வளையங்களும் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால் பரப்பு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சமமாக இருந்தால் பூஜ்யமே வரும். சேமிக்கும் முன் வடிவம் செல்லுமா என்று சோதித்து, செல்லாவிட்டால் பயனரிடமே திருப்பி அனுப்புங்கள். நிரல் தானாகத் திருத்தினால், அவர் காட்ட நினைத்த இடம் எது என்பது நிரலுக்குத் தெரியாது.

மாடக்குளத்தான்

அட்டவணை முறைக்கு மாற்றிவிட்டேன். நகர்த்தினாலும் வடிவம் நிற்கிறது. ஆனால் பயனர் பலகோணத்தைத் திருத்திச் சேமித்தால், திரையில் பழைய பலகோணமே தெரிகிறது. பக்கத்தை முழுவதுமாகப் புதுப்பித்தால்தான் புதியது வருகிறது. தரவுத்தளத்தில் புதியதுதான் இருக்கிறது.

மறுமொழி: ஆனையூர்

அது மேப்சர்வரின் வேலையன்று. செஷன் அடையாளமும் எல்லைகளும் மாறாததால் கோரிக்கையின் முகவரி முன்பிருந்ததேதான். உலாவி தன்னிடம் உள்ள பழைய படத்தையே எடுத்துக் காட்டுகிறது. ஒவ்வொரு சேமிப்புக்குப் பிறகும் கோரிக்கையில் மாறும் எண் ஒன்றைச் சேருங்கள். திருத்திய நேரமே போதும். ஓப்பன்லேயர்ஸில் படமூலத்தின் அளபுருக்களைப் புதுப்பித்தால் அது தானாகவே புதிய படத்தைக் கேட்கும். வரைபடத்தைச் சிறு படத் துண்டுகளாகச் சேமித்து வைத்துத் தரும் மேப்கேஷ் போன்ற இடைச்சேமிப்பு முன்னால் இருந்தால், கண்மாய் அடுக்குகள் மட்டும் அதன் வழியே வரட்டும். பயனர் வடிவ அடுக்கு நேராக மேப்சர்வரிடமிருந்து வர வேண்டும்.

மாடக்குளத்தான்

திருத்திய நேரத்தைச் சேர்த்ததும் உடனே மாறுகிறது. கடைசியாக ஒன்று: அட்டவணை பெருகிக்கொண்டே போகுமே, பழைய வரிசைகளை எப்போது நீக்குவது?

மறுமொழி: பழைய நில அளவையாளர்

உருவாக்கிய நேரத்தை வைத்து, குறித்த நேரத்தில் பணிகளைத் தானாக இயக்கும் கிரான் மூலம் இரவில் நீக்கிவிடுங்கள். ஆனால் அச்சிட்ட வடிவங்களை மட்டும் தனி அட்டவணைக்கு நகர்த்தி வையுங்கள், தம்பி. தாளைக் கையில் வைத்திருப்பவர் அடுத்த கோடையில் அதே படத்தைக் கேட்டு வருவார்.