ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஊட்னடாட்டா சாலையோரத்து இரும்புக் கோபுரம் எதற்கு? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

கார்த்தி: எல்லோருக்கும் வணக்கம். வில்லியம் க்ரீக் வந்து சேர்ந்துவிட்டோம். மாரீ ஊரைத் தாண்டியதிலிருந்து போனில் சிக்னலே இல்லை, இங்கே தங்கும் இடத்தில் வைஃபை கிடைத்ததும் முதல் வேலையாக இதைப் போடுகிறேன்.

அம்மா: இப்போதுதான் உயிர் வந்தது. சாப்பிட்டீர்களா? வண்டியில் டீசல், தண்ணீர் எல்லாம் இருக்கிறதா?

மீனா: எல்லாம் இருக்கிறது அத்தை. கவலைப்படாதீர்கள்.

கார்த்தி: <படம்> <படம்> <படம்>

கார்த்தி: இதைக் கொஞ்சம் பாருங்கள். மண் ரோடு, இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் சிவப்புக் கல்தரை, மரம் கிடையாது, ஊர் கிடையாது. நடுவில் திடீரென்று இப்படி ஓர் இரும்புக் கோபுரம், உருளை வடிவம், உச்சி வரை ஏறப் படி வைத்திருக்கிறது. பக்கத்தில் இரும்புக் கால்களின் மேல் ஒரு பெரிய தொட்டி. முதலில் கர்டிமர்காவில் பார்த்தோம், அப்புறம் பெரஸ்ஃபோர்ட் என்ற இடத்தில் அதே மாதிரி இன்னொன்று. தொட்டி தண்ணீருக்கு என்று புரிகிறது. தொட்டியை விட உயரமாக ஒரு கோபுரம் எதற்கு?

அத்தை: சுண்ணாம்புக் காளவாய் போலத் தெரிகிறதே.

சித்தப்பா: எண்ணெய் தோண்டிப் பார்த்துவிட்டு விட்டுப்போனதாக இருக்குமோ? அந்தப் பக்கம் சுரங்க வேலை நிறைய நடக்கும் என்று படித்திருக்கிறேன்.

தேன்மொழி: அத்தான், மேலே நின்று பார்க்கிற காவல் கோபுரமா? போர்க்காலத்தில் விமானம் வருகிறதா என்று பார்க்கக் கட்டியிருப்பார்களோ?

மீனா: காவல் கோபுரம் என்றால் உள்ளே குழாய் இருக்காது தேனு. இதற்குள் நடுவில் ஒரு தடித்த குழாய் இறங்குகிறது. மேலிருந்து தொட்டிக்கும் ஒரு குழாய் போயிருந்த தடம் இருக்கிறது.

மாமா: கார்த்தி, பக்கத்தில் தண்டவாளம் இருந்ததா?

கார்த்தி: பெரஸ்ஃபோர்டில் தண்டவாளம் போட்ட மண் கரை மட்டும் நீளமாகப் போகிறது மாமா. கர்டிமர்காவில் கொஞ்ச தூரம் தண்டவாளத்தையே விட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே டேப் வைத்து அளந்தேன், ஒரு மீட்டருக்கு மேல் ஆறு ஏழு சென்டிமீட்டர் வந்தது.

மாமா: அப்படியானால் மூன்றரை அடி கேஜ், 1067 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜை விடச் சற்று அகலம், அவ்வளவுதான். அது பழைய கான் ரயில் போன பாதை. 1878இல் போர்ட் அகஸ்டாவில் வேலையைத் தொடங்கி, 1884இல் மாரீ, 1890களின் தொடக்கத்தில் ஊட்னடாட்டா, 1929இல்தான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். அரை நூற்றாண்டு ஆயிற்று அந்தப் பாலைவனத்தைத் தாண்ட. இப்போது இன்னொன்று கேட்கிறேன், கோபுரத்தின் அடிப்பாகம் கூம்பாகக் குறுகி, கீழே வால்வு வைக்க இடம் இருக்கிறதா பார்.

கார்த்தி: <படம்> இது போதுமா? துருப்பிடித்ததில் சரியாகத் தெரியவில்லை. கீழே கழிவு வெளியேற ஏதோ வழி இருந்த மாதிரி இருக்கிறது.

மாமா: போதும். இது தண்ணீரை மென்மையாக்குகிற கோபுரம். நீராவி எஞ்சினுக்கு ஊற்றும் தண்ணீரில் உள்ள உப்பை முதலில் இங்கே பிரித்து எடுப்பார்கள். தண்ணீரும் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் மேலே கலந்து நடுக்குழாய் வழியாக அடிவரை இறங்கும், அங்கிருந்து திரும்பி மெதுவாக மேலே ஏறும், ஏறும்போது உப்பெல்லாம் வெள்ளைச் சேறாகத் திரண்டு அடியில் தங்கிவிடும். மேலே வந்த தெளிந்த தண்ணீர் வழிந்து தொட்டிக்குப் போகும். மேலிருந்து தானாக வழிய வேண்டும் என்றால் கோபுரம் தொட்டியை விட உயரமாகத்தானே இருக்க வேண்டும். சேற்றைக் கீழே வால்வு வழியாக வெளியேற்றுவார்கள். அதனால்தான் அடிப்பாகத்தைக் கேட்டேன்.

அத்தை: அப்போது சுண்ணாம்பு உண்டு!

மாமா: உண்டு உண்டு, நீ பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

அம்மா: அண்ணே, எஞ்சினுக்கு எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன? கொதித்தால் சரிதானே?

மாமா: இல்லை அம்பிகா. வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிறதே, அது பாய்லர் டியூப் முழுக்கப் படியும். படிவு ஏற ஏறச் சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே நின்றுவிடும், இரும்பு சிவந்து இளகும், டியூப் ஒழுக ஆரம்பிக்கும். நான் ரயில் எஞ்சினில் கரி போடும் பயர்மேனாக இருந்த நாளில் பாய்லர் வாஷவுட்டுக்கு முறை வைத்திருந்தோம். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, கம்பி விட்டுச் சுரண்டி, ஹோஸ் அடித்துக் கழுவுவோம். நல்ல தண்ணீர் ஷெட் என்றால் அந்த வேலை பாதி. உப்புத் தண்ணீர் ஷெட் என்றால் கை புண்ணாகிவிடும். ஷெட்டில் நிற்கிற எஞ்சினுக்கே அப்படி என்றால், நடுப்பாலைவனத்தில் டியூப் ஒழுகி நின்றுவிட்டால் டிரைவர் யாரிடம் போவார்? அதனால்தான் இவ்வளவு செலவு செய்து, ஆளே இல்லாத இடத்தில் இப்படி ஒரு கோபுரம்.

தேன்மொழி: அப்பா, ஒரு சந்தேகம். ஆளே இல்லாத பாலைவனத்தில் முதலில் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கார்த்தி: அதைத்தான் அடுத்து சொல்ல வந்தேன் தேனு. இந்த ரோட்டுக்கு அடியில் பெரிய நிலத்தடி நீர்ப் படுகை இருக்கிறது. கிரேட் ஆர்ட்டீசியன் பேசின் என்பார்கள், சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆஸ்திரேலியாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். கிழக்கே மலைப்பக்கம் பெய்த மழை பாறைக்குள் இறங்கி வருடத்துக்குச் சில மீட்டர் என்று நகர்ந்து வருகிறது. இந்த ஓரத்துக்கு வந்து சேர்வதற்குள் பல லட்சம் வருடம் ஆகிவிடும். அழுத்தத்தில் இருப்பதால் வெடிப்பு கிடைத்த இடத்தில் தானாக மேலே வருகிறது. பிளாஞ்ச் கப் என்று ஓர் ஊற்று பார்த்தோம், வறண்ட தரையில் ஒரு சின்னக் குன்று, மேலே ஏறினால் உச்சியில் வட்டமாகக் குளம், சுற்றிலும் நாணல். பக்கத்திலேயே பப்ளர் என்று இன்னொன்று, அதில் மணல் அடியிலிருந்து புரண்டு புரண்டு எழுகிறது. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டோம்.

தேன்மொழி: குன்றின் மேல் குளமா? அந்தக் குன்று எதனால் ஆனது?

மீனா: தண்ணீர் கொண்டு வந்த உப்பும் மணலும் சேர்ந்து உண்டானது என்று பலகையில் போட்டிருந்தது. தொட்டுப் பார்த்தால் வெள்ளைக் கல் போல இருந்தது.

தேன்மொழி: அப்படியானால் அப்பா சொன்னது அங்கேயே கண்முன் இருக்கிறது! கால்சியம் பைகார்பனேட் உள்ள தண்ணீர் மேலே வந்ததும் அதிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு காற்றில் போய்விடும், போனதும் கால்சியம் கார்பனேட் கரைந்திருக்க முடியாமல் படியும். அப்படிப் படிந்து படிந்துதான் குன்று. பாய்லரில் சூடு அதே வேலையைச் சில மணி நேரத்தில் செய்துவிடுகிறது. குன்றைக் கட்டிய உப்பும் எஞ்சினை அடைத்த உப்பும் ஒன்றேதான். அப்பா, சுண்ணாம்பு போடுவது பைகார்பனேட்டைப் பிடிக்க, சோடா போடுவது சல்பேட் வகைக்கு. எங்கள் ஆய்வகத்தில் சின்ன அளவில் இதைச் செய்து பார்த்திருக்கிறோம்.

மாமா: சபாஷ். இத்தனை வருடம் அந்த உப்பைச் சுரண்டியிருக்கிறேன், அது மலையாகவே நிற்கும் என்று யோசித்ததில்லை.

சித்தப்பா: மச்சான், இதில் என் பங்கும் ஒன்று இருக்கிறது. கார்த்தி, அந்த வழியில் ஸ்ட்ராங்வேஸ் என்று கூரை இல்லாத கல் கட்டடங்கள் உண்டே, பார்த்தாயா?

கார்த்தி: பார்த்தோம் சித்தப்பா. கல் சுவர் மட்டும் நிற்கிறது. பழைய பண்ணை வீடு என்று நினைத்து வந்துவிட்டோம்.

சித்தப்பா: அது தந்தி நிலையம். ரயிலுக்கும் முன்னால் வந்தது. சார்லஸ் டாட் என்பவர் தலைமையில் போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை, 3,000 கிலோமீட்டருக்கு மேல், 1872இல் கம்பி இழுத்து முடித்தார்கள். நீளமான கம்பியில் மின்சாரம் பலவீனப்பட்டுவிடும், அதனால் இடையிடையே நிலையம் வைத்து, ஓர் ஆள் காதால் கேட்டு எழுதி, அடுத்த கம்பியில் கையால் மறுபடி தட்டி அனுப்புவார். டார்வினிலிருந்து கடலடிக் கம்பி ஜாவாவுக்கு, அங்கிருந்து சிங்கப்பூர், பினாங்கு, அப்புறம் நம்ம மெட்ராஸ். மெட்ராஸ்–பினாங்கு–சிங்கப்பூர் கம்பி அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் போட்டிருந்தார்கள். அடிலெய்டில் இருந்து லண்டனுக்குப் போன செய்தி நீ பார்த்த அந்தக் கல் வீட்டைத் தாண்டித்தான் மெட்ராஸ் கரைக்கு வந்தது. கப்பலில் போனால் மாதக்கணக்கில் ஆகும் செய்தி, மணிக்கணக்கில் போனது. நான் தந்தி அலுவலகத்தில் சேர்ந்தபோது மூத்தவர்கள் இந்தப் பாதையை வரிசையாகச் சொல்வார்கள். அதில் ஒரு நிலையத்தின் வாசலில் நீ நின்றிருக்கிறாய் என்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

கார்த்தி: இது தெரிந்திருந்தால் இன்னும் நிறையப் படம் எடுத்திருப்பேன் சித்தப்பா. இப்போது ஒன்று புரிகிறது. தந்தி, ரயில், ரோடு மூன்றும் ஏன் ஒரே கோட்டில் போகின்றன என்று காரில் பேசிக்கொண்டே வந்தோம்.

சித்தப்பா: தண்ணீர்தான். ஸ்டூவர்ட் என்ற பயணி 1859 முதல் 1862 வரை இந்தப் பக்கம் வடக்கே போனது ஊற்றிலிருந்து ஊற்றுக்கு. அவர் வழியைப் பிடித்துத் தந்தி, தந்தியைப் பிடித்து ரயில்.

மீனா: ஸ்டூவர்ட்டுக்கும் முன்னால் அது இந்த மண்ணின் பூர்வகுடிகளான அரபானா மக்களின் வழி சித்தப்பா. ஊற்று ஊற்றாக நடந்து செங்காவி முதலான பொருள்களை வெகுதூரம் கொண்டு போய் மாற்றிக்கொள்வார்களாம். ஒவ்வோர் ஊற்றுக்கும் அவர்களிடம் கதை இருக்கிறது. 2012இல்தான் நீதிமன்றம் இந்த நிலத்தில் அவர்களுடைய உரிமையை ஏற்றது. இதைச் சொல்லாமல் ரயிலிலிருந்து கதையைத் தொடங்கினால் நியாயமாக இல்லை. ஊற்றுகளில் தண்ணீர் குறைவதாக இப்போதும் சொல்கிறார்கள். ஒலிம்பிக் டாம் சுரங்கமும் இதே படுகையிலிருந்துதான் எடுக்கிறது.

அத்தை: மீனா சொல்வது சரி. தண்ணீரைக் காத்தவர்கள்தானே முதல் ஆள்.

அம்மா: அந்த ஆளில்லாத இடத்தில் ரயில் வேலைக்காரர்கள் எப்படி இருந்தார்கள்? வீடு ஏதாவது இருக்கிறதா?

கார்த்தி: கர்டிமர்காவில் நீளமான கல் வீடு இருக்கிறது அம்மா. தண்டவாளம் பார்க்கிற கேங் ஆட்கள் குடும்பத்தோடு இருந்த இடம். கவார்ட் ஸ்பிரிங்ஸில் எஞ்சின் டிரைவர் வீடும் பேரீச்சை மரங்களும் இன்னும் நன்றாக நிற்கின்றன. இந்தப் பாதைக்கெல்லாம் சாமான் சுமந்தது ஒட்டகங்கள். அவற்றை ஓட்டி வந்தவர்கள் ஆப்கானிஸ்தான், பலூசிஸ்தான், பஞ்சாப் பக்கத்துக்காரர்கள். மாரீயில் அவர்கள் தொழுத மசூதியின் அமைப்பைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

மாமா: அம்பிகா, அந்தக் கேங் ஆட்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2இல் 50.7 டிகிரி அடித்தது, அந்த நாட்டிலேயே பதிவான உச்சம். அந்த வெயிலில் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் ஸ்லீப்பர் கட்டை மாற்றியிருக்கிறார்கள். மழை வந்தால் நேர்மாறு, ஆற்று வெள்ளம் கரையை அரித்துக்கொண்டு போகும், ரயில் வாரக்கணக்கில் நிற்கும். நான் ஓட்டிய பாதையில் பத்து மைலுக்குள் ஓர் ஊர் வந்துவிடும், குரல் கொடுத்தால் யாராவது வருவார்கள். அவர்களுக்கு அடுத்த சைடிங் வரை யாரும் இல்லை.

தேன்மொழி: அப்புறம் ஏன் எல்லாம் காலியாயிற்று?

மாமா: டீசல் எஞ்சின். 1954இல் அந்தப் பாதைக்கு டீசல் வந்தது. டீசலுக்கு இத்தனை தண்ணீர் வேண்டாம். கோபுரத்துக்கு வேலை போயிற்று, அதைப் பார்த்துக்கொண்ட ஆளுக்கும் வேலை போயிற்று. 1980இல் வெள்ளம் வராத மேற்குப் பக்கமாக டார்கூலாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் புதுப் பாதை போட்டார்கள், பழையதை மூடிவிட்டார்கள். டீசலுக்கு மாறியதும் இங்கேயும் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் குழாய்க் கம்பம் எத்தனை, தொட்டி எத்தனை இடித்துப் போட்டார்கள். அங்கே இடிக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

கார்த்தி: நாளை ஊட்னடாட்டாவுக்குக் கிளம்புகிறோம் மாமா. வழியில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

மாமா: அல்ஜிபக்கினா பாலம். நீல்ஸ் ஆற்றின் மேல், 1892, 578 மீட்டர். கீழே இறங்கித் தூண்களையும் ரிவெட் வரிசையையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு, கர்டர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சித்தப்பா: வழியில் இரும்புத் தந்திக் கம்பம் ஏதாவது நின்றால் எனக்கு ஒரு படம். முதலில் மரக் கம்பம் நட்டு, கரையான் தின்றதால் இரும்புக்கு மாறினார்கள்.

அம்மா: பாலத்தின் மேல் ஏற வேண்டாம். ஆற்றில் தண்ணீர் ஓடினால் வண்டியை இறக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

மீனா: சரி அத்தை. ரோடு திறந்திருக்கிறதா என்று காலையில் இங்கேயே கேட்டுக்கொண்டுதான் கிளம்புவோம்.