ஏலத்தில் 61 யூரோவுக்கு விழுந்த தையல் மெசினைத் தர மாட்டன் எண்டுறார், என்ன செய்யலாம்?

ஊசிநூல் (டோர்ட்முண்ட்) எழுதியது:

வணக்கம். ஜெர்மனியில இருக்கிற ஆக்களிட்ட ஒரு உதவி கேக்கிறன். ஒன்லைன் ஏலத்தில ஒரு ஜூக்கி டிடிஎல் 8700 மெசினுக்கு, மேசை மோட்டர் எல்லாம் சேர்த்து, விலை கேட்டிருந்தனான். விற்கிறது தனி ஆள், கடைக்காரர் இல்லை. தொடக்க விலை 1 யூரோ. இதுக்குக் குறைஞ்சா குடுக்க மாட்டன் எண்டு எந்த விலையும் போடேல்ல. ஞாயிறு பின்னேரம் ஏலம் முடிஞ்சு 61 யூரோவுக்கு எனக்கு விழுந்தது. நீங்கள் வெண்டிட்டீங்கள் எண்டு தளத்தில இருந்து மெயிலும் வந்தது. உடன காசை அனுப்பி, நானே வந்து ஏத்துறன் எண்டும் எழுதினன்.

அடுத்த நாள் பதில் வருது: மெசினைக் கழட்டேக்க கீழ விழுந்து உடைஞ்சு போச்சாம், மன்னிக்கட்டாம். காசும் திரும்பி வந்திட்டுது. இப்ப தளத்தில "ரத்துச் செய்யச் சம்மதமா" எண்டு ஒரு பட்டன் வந்து நிக்குது.

ஆனா நேற்று வேற ஒரு இலவச விளம்பரப் பக்கத்தில அதே மெசின் 380 யூரோவுக்குக் கிடக்கு. படம் வேற கோணம். மேசையின்ர இடப்பக்க மூலையில பலகை உரிஞ்ச இடம் அதே, நூல் கம்பியில நிக்கிற மஞ்சள் நூல் கோனும் அதே. ஊரும் ஒண்டுதான்.

நான் வீட்டில சாறிப் பிளவுஸ் தைச்சுக் குடுக்கிறனான். இப்ப இருக்கிற சின்ன மெசின் லைனிங் வைச்ச பட்டுக்கு இழுபடுது. வீட்டுக்காரர் "விட்டுத் தள்ளு" எண்டுறார். விலை இவ்வளவு குறைவா விழுந்தா மாட்டன் எண்டு சொல்ல விற்கிற ஆளுக்கு உரிமை இருக்கோ?

மூன்சென்_கார்த்தி எழுதியது:

அக்கா, 61 யூரோதானே, காசும் திரும்ப வந்துடுச்சு. அந்தத் தளத்துலயே புகார் கொடுத்துட்டு வேற மெசின் பாருங்களேன். டென்ஷன் மிச்சம்.

பழைய_ரேடியோ (எசன்) எழுதியது:

தங்கச்சி, முதல் வேலை: அந்தப் பட்டனை அமத்தாதேங்கோ! சம்மதம் எண்டு அமத்தினா, ரெண்டு பேரும் பேசித்தான் ஒப்பந்தத்தை விட்டனாங்கள் எண்டு நாளைக்கு அவர் நிப்பார். அவர் காசைத் திருப்பி அனுப்பினதால ஒண்டும் முடியேல்ல. ஒரு பக்கம் காசைத் திருப்பினா ஒப்பந்தம் செத்துப் போகாது.

கார்த்தி தம்பி, தளத்துக்குப் புகார் குடுக்கலாம், குடுக்கவும் வேணும். ஆனா அவை அவருக்கு ஒரு கறுப்புப் புள்ளி வைப்பினம், அவ்வளவுதான். வாங்கல் விற்றல் உங்கள் ரெண்டு பேருக்கும் இடையில எண்டுதான் அவையின்ர விதியிலயே கிடக்கு.

உங்கட கேள்விக்குப் பதில்: இல்லை, உரிமை இல்லை. குறைந்தபட்ச விலை போடாமல் 1 யூரோவில ஏலத்தைத் திறந்தவர் தானாத்தான் அந்த ஆபத்தை எடுக்கிறார். கார்ல்ஸ்ரூவேயில இருக்கிற ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில இதைத் தெளிவாச் சொல்லிப் போட்டுது. பழைய பஸாட் கார் ஒண்டு ஈபேயில 1 யூரோவில தொடங்கினது. ஒருத்தர் 555 யூரோ 55 சதம் வரைக்கும் போறன் எண்டு கேட்டு வைச்சார். விற்கிறவருக்கு வெளியில 4,200 தர ஆள் கிடைச்சிட்டுது, ஏலத்தை இடையில நிப்பாட்டிப் போட்டார். அந்த நேரம் வேற ஒருத்தரும் கேக்காததால விலை 1 யூரோவில நிண்டது. காரின்ர பெறுமதி 5,250. நட்டஈடு எவ்வளவு தெரியுமோ, 5,249 யூரோ. ஏலத்தின்ர சுவாரசியமே அதுதானாம்: வாங்கிறவருக்கு மலிவாக் கிடைக்கலாம், விற்கிறவருக்குப் போட்டியில விலை ஏறலாம். ஏறினாச் சிரிச்சுக்கொண்டு வாங்கிறவர், ஏறேல்ல எண்டா அழக் கூடாது.

எசன்_வடலி எழுதியது:

ரேடியோ அண்ணா சொன்னது சரி, ஒரு விசயம் சேர்க்கிறன். நான் வழக்கறிஞர் இல்லை, வழக்கறிஞர் அலுவலகத்தில வேலை செய்யிறனான்.

உங்கட கேஸில அவர் "விலை காணாது" எண்டு சொல்லேல்ல, "உடைஞ்சு போச்சு" எண்டுதான் சொல்லியிருக்கிறார். உண்மையா உடைஞ்சிருந்தா இல்லாத பொருளைத் தா எண்டு கேக்க ஏலாது. அது அவரில பிழை இல்லாமல் நடந்தது எண்டு காட்டினா நட்டஈடும் போயிடும். அதால உங்கட முழுப் பலமும் அந்த 380 யூரோ விளம்பரம்தான். இண்டைக்கே எடுத்து வையுங்கோ: விளம்பர எண், திகதி, நேரம் தெரியிற மாதிரி முழுப் பக்கமா. ஏலப் பக்கத்தையும் அப்பிடியே. உரிஞ்ச மூலையையும் நூல் கோனையும் ரெண்டு படத்திலயும் வட்டம் போட்டுப் பக்கத்தில பக்கத்தில ஒரு தாளில எடுங்கோ. வீட்டில வேற ஆரும் அந்தப் பக்கத்தைப் பாத்து வைச்சா சாட்சிக்கும் உதவும். விளம்பரத்தை அவர் எந்த நிமிசமும் அழிப்பார்.

இன்னொண்டு. நட்டஈடு எண்டு கணக்குப் பாக்கேக்க 380 இல 61 ஐக் கழிச்சு 319 எண்டு கண்ணை மூடிக்கொண்டு எழுதாதேங்கோ. 380 அவர் கேக்கிற விலை. சந்தையில உண்மையா என்ன விலைக்குப் போகுது எண்டதுதான் கணக்கு. முடிஞ்ச ஏலங்களைத் தேடி, அதே மொடல், மேசையோட வித்த விலைகளை எடுத்து வையுங்கோ.

ஊசிநூல் எழுதியது:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. பட்டனை அமத்தேல்ல. எல்லாம் படம் எடுத்திட்டன், மூத்தவனும் பாத்தவன். கடிதத்தில என்ன எழுதுறது? என்ர டொச் (ஜெர்மன் மொழி) அவ்வளவு திறமில்லை.

பழைய_ரேடியோ எழுதியது:

நீட்டி எழுத வேண்டாம், கோபமும் வேண்டாம். ஏலத்தின்ர எண், முடிஞ்ச திகதி, விலை 61. ஒப்பந்தம் நிக்குது, நான் 61 ஐத் தந்து மெசினை எடுக்கத் தயார். இந்தத் திகதிக்குள்ள தாருங்கோ எண்டு 10 நாள், 14 நாள் தள்ளி ஒரு திகதி. "கெதியா" எண்டு எழுதாமல் நாள்காட்டித் திகதியே போடுங்கோ. தரேல்ல எண்டா அதே மாதிரி மெசினை வேற இடத்தில வாங்கி, மேலதிகச் செலவை உங்களிட்ட எடுப்பன். கடைசியில ஒரு வரி: இன்ன எண் விளம்பரத்தில மெசின் முழுசா நிக்கிறதைப் பாத்தன், படம் இணைச்சிருக்கு.

தளத்துக்குள்ள செய்தியா அனுப்புங்கோ, அதோட பதிவுத்தபாலிலயும் அனுப்புங்கோ. முகவரி காசு அனுப்பின விபரத்தில இருக்கும்.

அந்தக் கடைசி வரிதான் வேலை செய்யும், பாருங்கோ.

சிட்னி_நண்டு எழுதியது:

இங்கயும் இதே கதைதான். 2007 இல நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு, பொருள் தையல் மெசின் இல்லை, இரண்டாம் உலகப்போர்க் காலத்து வீரவே விமானம்! ஈபேயில ஒருத்தர் தொடக்க விலையான 150,000 டொலருக்கே கேட்டு வெண்டிட்டார். விற்கிறவர் வேற ஆளிட்ட 100,000 கூடப் பேசிப் போட்டுத் தர மாட்டன் எண்டார். நீதிபதி காசைக் குடுத்து ஆளைச் சமாளிக்கச் சொல்லேல்ல, விமானத்தையே குடு எண்டு தீர்ப்பு.

மூன்சென்_கார்த்தி எழுதியது:

அடேங்கப்பா. சரி, என் பக்கத்துலயும் ஒரு சந்தேகம். போன மாசம் ஒரு கேமரா லென்ஸ் ஏலத்துல, புதுசாத் திறந்த ஒரு கணக்கு மட்டும் என்னைத் துரத்தித் துரத்தி விலை ஏத்துச்சு. கடைசில அந்தக் கணக்கே ஜெயிச்சுது. ரெண்டு நாள்ல "அவர் வாங்கல, நீங்க எடுத்துக்கறீங்களா"ன்னு எனக்கு மெசேஜ். விக்கிறவரே ஏத்தினா மாதிரி தெரியுது.

எசன்_வடலி எழுதியது:

தம்பி, 2016 ஆகஸ்டில கோல்ஃப் கார் வழக்கு ஒண்டு கார்ல்ஸ்ரூவே நீதிமன்றத்தில முடிஞ்சது. விற்கிறவரே ரெண்டாவது கணக்கால ஏத்திக்கொண்டு போயிருக்கிறார். தனக்குத்தானே ஒருத்தர் வித்து வாங்க ஏலாது, அதால அவர் கேட்ட விலைகள் கணக்கில இல்லை எண்டு தள்ளி, வெளியாள் உண்மையா நிண்ட விலை 1 யூரோ 50 சதம் எண்டு எடுத்தவை. நட்டஈடு 16,500. ஆனா அங்க ரெண்டாவது கணக்கு அவரின்ரதான் எண்டது தெளிவா வெளிச்சுது. உங்களிட்ட இப்ப சந்தேகம் மட்டும்தான் இருக்கு. அவர் கேக்கிற கூட்டின விலைக்கு வாங்காதேங்கோ, தளத்துக்கு அறிவியுங்கோ. உங்கட கதைக்குத் தனி இழை துவங்குங்கோ, இதுக்குள்ள கலக்காமல்.

ஊசிநூல் எழுதியது:

பதில் வந்திட்டுது. இப்ப உடைஞ்ச கதையே இல்லை! 61 யூரோவுக்கு ஒருத்தரும் குடுக்க மாட்டினமாம், இது நியாயத்துக்கே விரோதமான விலை, அதால ஒப்பந்தம் செல்லாதாம். பூச்சியம் ஒண்டு குறைச்சு அடிச்சுப் போட்டனான் எண்டும் எழுதியிருக்கிறார். விளம்பரமும் போயிட்டுது.

எசன்_வடலி எழுதியது:

நல்லது, உடைஞ்ச கதையை அவரே கைவிட்டிட்டார். அந்தச் செய்தியைப் பத்திரமா வையுங்கோ.

விலை குறைவு எண்டதால மட்டும் ஏலம் செல்லாமல் போகாது. 24,000 யூரோ பெறுமதி எண்டு சொன்ன வெர்ட்டு எண்ட ஆடம்பர ஃபோன் ஒண்டு 1 யூரோவில தொடங்கி 782 க்கு விழுந்த வழக்கில, 2012 இலேயே உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தைத் தள்ளிப் போட்டுது.

தட்டச்சுப் பிழை உண்மையான பாதுகாப்புத்தான், அதை மறுக்கேல்ல. ஒருத்தர் 5,000 எண்டு அடிக்கப் போய் 500 எண்டு உடனடி விலையாப் போட்டா, கண்ட கையோட சொன்னா ஒப்பந்தத்தை முறிக்கலாம். வாங்கினவர் அதை நம்பிச் செய்த செலவை அவர் குடுக்கவும் வேணும். ஆனா 1 யூரோவில என்ன பூச்சியம் குறையுது? 10 எண்டு போட்டிருந்தாலும் ஏலம் 61 இலதான் முடிஞ்சிருக்கும். முதல் உடைஞ்சது எண்டு சொன்னவர் இப்ப பிழையா அடிச்சன் எண்டா ஆர் நம்பிறது?

திகதி முடிஞ்சும் தரேல்ல எண்டா மான்பெஷைட்டுக்கு (காசைக் கட்டச் சொல்லி நீதிமன்றம் அனுப்பிற கட்டளை) ஒன்லைனில விண்ணப்பிக்கலாம். அவர் மறுத்தா அம்ட்ஸ்கெரிக்டுக்கு (உள்ளூர்க் கீழ் நீதிமன்றம்) போகும், இந்தத் தொகைக்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. வருமானம் குறைவு எண்டா அங்கயே பெராட்டுங்ஸ்ஹில்ஃபெ (சட்ட ஆலோசனைக்கான உதவி) சீட்டு எடுங்கோ, 15 யூரோவோட வழக்கறிஞரின்ர ஆலோசனை கிடைக்கும். அவசரமும் இல்லை, இந்த வருசம் முடிஞ்சு 3 வருசம் வரைக்கும் உரிமை நிக்கும்.

மூன்சென்_கார்த்தி எழுதியது:

அக்கா, நான் முதல்ல சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். விடாதீங்க.

ஊசிநூல் எழுதியது:

வடலி அக்கா எழுதினதை டொச்சாக்கி அனுப்பினன். முதல் 200 தா எண்டார், பிறகு 120 எண்டார். வீட்டுக்காரர் 120 ஐக் குடுத்திட்டு எடு எண்டு என்னைக் கரைச்சல் படுத்தினார். நான் 61 எண்டு ஒரே வரியில பதில் போட்டன். இண்டைக்குக் காலமை: சனிக்கிழமை 11 மணிக்கு வா, காசு கையில, ஏத்த உதவ மாட்டன் எண்டு எழுதியிருக்கிறார். உதவி வேண்டாம், மூத்தவன் வாறான். ஸ்டேஷன் வாகனுக்குள்ள மேசை வருமோ?

பழைய_ரேடியோ எழுதியது:

மேசையின்ர கால் கழரும், இன்பஸ் (அறுகோணச் சாவி) செட்டும் 13, 14 ஸ்பானரும் கொண்டு போங்கோ. மெசின் தலையைத் தூக்க முதல் கீழ்த் தட்டில நிக்கிற எண்ணெயை எடுத்திடுங்கோ, இல்லாட்டிக் கார் சீற் பழுதாப் போயிடும். சுத்திக் கட்டப் பழைய போர்வை ரெண்டு.

காசு குடுக்க முதல் அங்கயே ஓட்டிப் பாருங்கோ, உங்கட பட்டுத் துண்டு ஒண்டு கொண்டு போய்த் தைச்சுப் பாக்கிறது நல்லம். ஏல எண்ணையும் 61 யூரோவையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கோ. பிளக்கையும் பாருங்கோ: பழைய கிளட்ச் மோட்டர் சிலது 400 வோல்ட், அஞ்சு முள்ளுச் சிவப்புப் பிளக்கா இருக்கும். அது உங்கட அறைச் சொக்கெட்டில கொழுவ ஏலாது. அப்பிடி எண்டா 230 சேர்வோ மோட்டர் ஒண்டு தனியா வாங்கி மாத்தலாம், சத்தமும் குறையும். என்னிட்ட ஒண்டு சும்மா கிடக்கு, வேணும் எண்டாச் சொல்லுங்கோ.