பழைய வாக்கிஸாஷி வாளில் துரு: என்ன செய்யலாம்?

வணக்கம். ஒசாகாவில் வசிக்கிறேன். போன மாதம் பழம்பொருள் கடையில் எடோ காலத்து (17–19ஆம் நூற்றாண்டு) வாக்கிஸாஷி, அதாவது நடுத்தர நீள ஜப்பானிய வாள் ஒன்று வாங்கினேன், அலகு 48 செ.மீ. பதிவுச் சான்றிதழ் கூடவே வந்தது. கைமாறியதை 20 நாளுக்குள், வாள்களைப் பதிவு செய்யும் கல்வி வாரியத்துக்குத் தெரிவித்துவிட்டேன்.

கவலை எல்லாம் துருதான். நுனியிலிருந்து நாலு விரல் தள்ளி, மிளகு அளவில் மூன்று செந்துருப் புள்ளிகள். உச்சிகோ (வாள் துடைக்கும் நுண்ணிய கல்பொடி) தட்டிப் பழைய எண்ணெயைத் துடைத்து, சோஜி எண்ணெய் (வாளுக்குப் பூசும் காப்பு எண்ணெய்) மெல்லிசாகப் பூசினேன். புள்ளி அப்படியே இருக்கிறது. உப்புத்தாள் போடச் சொன்னார் ஒரு நண்பர். மாட்டவே மாட்டேன்! ஒரு தேய்ப்பில் வாளின் வரைகோடுகள் மழுங்கிவிடும். கைப்பிடிக்குள் இருக்கும் அலகின் அடிப்பகுதியான நாகாகோவின் கருந்துருவையும் தொடவில்லை. வாளின் வயதுக்கு அதுதானே சாட்சி.

கியோட்டோ, ஒசாகா பக்கம் நம்பகமான தோகிஷி (வாள் தீட்டும் கலைஞர்) யாரையாவது தெரியுமா? முழு அலகையும் தீட்ட இப்போது பணமில்லை. ஒரு சிறு பகுதியை மட்டும் தீட்டிக் காட்டுவார்களா?

இன்னொன்று, பழைய உறைக்குள்ளும் துரு ஒட்டியிருக்குமோ என்று பயம். ஹோ மரத்தில் புதிதாக ஷிராசாயா (வாளைப் பத்திரமாக வைக்கும் பூச்சில்லாத மர உறை) செய்ய எவ்வளவு ஆகும்? அது சோற்றுப் பசையில் ஒட்டுவது, பிறகு பிளந்து சுத்தம் செய்யலாம் என்பதால் கேட்கிறேன்.

மழைக்காலம் வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.