மூன்றாம் முறையும் அதே கணுக்கால் மடங்கிவிட்டது

நடைப்பிரியை:
நேற்றுப் படி இறங்கும்போது, படிகள் முடிந்துவிட்டன என்று நினைத்துக் காலை வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. வலது பாதம் உட்பக்கமாகப் புரண்டுவிட்டது. இரண்டு ஆண்டுகளில் இது மூன்றாம் முறை. முதல் முறை வெளிப்பக்கம் வீங்கிக் கன்றிப்போயிருந்தது. பத்து நாள் கட்டுப் போட்டேன், வீக்கம் வடிந்ததும் நடக்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து சமதரையில்கூட அந்தக் காலை நம்ப முடியவில்லை. அறுவைச் சிகிச்சைதான் வழியா?

பழைய மருத்துவ மாணவன்:
முதலில் எலும்பு முறிவு இல்லை என்று தெரிய வேண்டும். மடங்கியவுடன் நான்கு அடி நடக்க முடிந்ததா? இருபக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பையும் நுனியையும் அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்தால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

நடைப்பிரியை:
நடந்தேன். எலும்பில் வலி இல்லை. அதற்குச் சற்று முன்னால், பள்ளமான இடத்தில்தான் வலிக்கிறது.

வலைப்பந்தாட்டக்காரி:
அந்தப் பள்ளத்தில் எலும்புகளைப் பிணைத்திருக்கும் தசைநார்தான் பெரும்பாலும் முதலில் கிழிவது. எனக்கும் அதேதான். வீக்கம் வடிந்ததை ஆறிவிட்டதாக நினைத்து ஆடப்போய் ஒரு பருவத்தையே இழந்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அந்தத் தசைநாரிலும் இருக்கின்றன. அது கிழிந்தால் செய்தி தடுமாறுகிறது. பாதத்தை வெளிப்பக்கம் இழுத்துக் காக்க வேண்டிய, கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசை தாமதமாக விழிக்கிறது. கட்டுப் போட்டு வைத்திருப்பதால் மட்டும் இந்த உணர்வு திரும்பி வராது, பழக்க வேண்டும்.

கடும் வலி தணிந்ததும் சுவரருகே ஒற்றைக்காலில் நில்லுங்கள். பாதத்தைக் குனிந்து பாருங்கள்: மேற்புறத் தசைநாண்கள் வீணைத் தந்திபோல் துடிக்கும், கட்டைவிரல் தரையைக் கவ்வும். அந்தத் துடிப்புதான் பயிற்சி. முப்பது நொடி எளிதாக வந்தால் கண்ணை மூடுங்கள். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் தள்ளுவதும் வேண்டும். ஆறு வாரமாவது விடாமல் செய்யுங்கள். விளையாடினால் கணுக்கால் உறை அணியுங்கள்.

சில மாதப் பயிற்சிக்குப் பிறகும் கால் மடங்கினால் மட்டுமே அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். 1966இல் ஸ்வீடன் மருத்துவர் புரோஸ்ட்ரோம் விவரித்த முறையில், தளர்ந்த தசைநாரை இறுக்கித் தைப்பார்கள். அதற்குப் பிறகும் இதே ஒற்றைக்கால் பயிற்சிதான்.

நடைப்பிரியை:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இன்று நின்று பார்த்தேன். இடது கால் முப்பது நொடி, வலது கால் ஏழு.

வலைப்பந்தாட்டக்காரி:
ஏழை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த ஞாயிறு எத்தனை என்று இங்கேயே சொல்லுங்கள்.