தம்பியிடம் எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது?

வணக்கம், நாங்கள் மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். மார்ச்சில் தம்பிக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை போனது, அதே சமயம் அப்பாவுக்கு டயாலிசிஸும் ஆரம்பித்தது, அன்றிலிருந்து அவன் ஜெபிப்பதில்லை, சபைக்கும் வருவதில்லை. "செய்யாதே செய்யாதே என்று சட்டம் போட்டு, அப்புறம் அடிக்கிறவருக்கா அன்பு?" என்கிறான். போதகரைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டான். எபிரெயர் 12:6 வாசித்துக் காட்டினேன், தகப்பன் சிட்சிப்பதுபோல என்றதும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அப்பாவின் நோய் தண்டனை என்று நான் நம்பவே மாட்டேன், பிறவிக்குருடன் அப்படிப் பிறந்தது யாருடைய பாவத்தாலும் அல்ல என்று இயேசு சொன்ன யோவான் 9:3 இருக்கிறதே. பத்துக் கட்டளைகளுக்கு முன்னால் எகிப்திலிருந்து விடுவித்ததைத்தான் தேவன் சொல்கிறார், ஓய்வுநாள் வேலைக்காரனுக்கும் மாட்டுக்கும்கூட உண்டு (உபாகமம் 5:14) என்றபோது மட்டும் கொஞ்ச நேரம் கேட்டான்.

இந்த இடத்திலிருந்து அவனிடம் அடுத்து எந்த வேதப்பகுதியைப் பேசலாம்?