மின்மிதிவண்டியில் ஆம்பியர் வரம்பு: உறுப்பினர்களின் அனுபவங்கள்

ஆம்பூர் உறுப்பினர்:

பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார் பொருத்திய என் மிதிவண்டியை ஏலகிரி மலைச்சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற்றிப் பார்த்த பிறகு, மோட்டாரின் மேல் அச்சிட்டுள்ள 250 வாட் என்ற எண்ணை விட, பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் எத்தனை ஆம்பியர் வரை விடுகிறது என்பதையே நான் கவனிக்கிறேன். நம் மோட்டார் வாகன விதிகளில் அந்த 250 வாட் என்பது 30 நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறன். ஏற்றத்தில் ஒரு கணம் இழுக்கும் உச்சத் திறன் அன்று. 36 வோல்ட் பேட்டரியும் 15 ஆம்பியர் கன்ட்ரோலரும் உள்ள என் வண்டியில், த்ராட்டிலை முழுக்கத் திருகினால் பேட்டரியிலிருந்து 540 வாட் வரை வெளியேறும்.

வளைவில் வேகம் நடைவேகத்துக்கு இறங்கும்போதுதான் சிக்கல். அப்போது கன்ட்ரோலர் மோட்டாருக்குப் போகும் வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டுவதால், திரையில் தெரியும் பேட்டரி மின்னோட்டத்தை விட மோட்டாரின் கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டம் மிக அதிகமாக இருக்கும். சுருளின் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். சுருளில் ஓடும் ஆம்பியரை மூன்றில் இரண்டு பங்காக்கினால், இழுவிசையும் மூன்றில் இரண்டு பங்காகும்; வெப்பமோ பாதிக்கும் கீழே வந்துவிடும். மிதிவண்டியின் கியரை மாற்றுவது கால்களுக்கு மட்டுமே உதவும், ஏனெனில் ஹப் மோட்டாருக்குச் சக்கரத்தின் வேகம்தான் கதி.

நானும் வண்டியும் சேர்ந்து சுமார் 100 கிலோ. 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, உராய்வை நீக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 165 வாட் போதும். அதில் 80 வாட்டைக் கால்களே தந்துவிடும். எனவே வளைவுக்கு முன்பே வேகம் சேர்த்துக்கொண்டு, மோட்டார் தரும் உதவியின் நிலையைக் குறைத்து, மிதிப்பதை விடாமல் ஏறுகிறேன். ஹப்பில் கை வைக்க முடியாத அளவு சூடேறினால் நிறுத்திவிடுவேன். புலவர்கள், வள்ளல்களின் பெயர் தாங்கிய அவ்வளைவுகளில் பெயர்ப்பலகை வாசிக்க, மோட்டார் ஆறும் நேரம் நல்ல சாக்கு.

கோயம்புத்தூர் உறுப்பினர்:

ஆம்பூர் நண்பர் ஆம்பியரைக் குறைக்கிறார். என் பட்டறைக்கு வருபவர்களில் பலர் கூட்டித் தரச் சொல்கிறார்கள். கன்ட்ரோலருக்குள் ஷன்ட் என்றொரு தடித்த கம்பித்துண்டு உண்டு. அதன் குறுக்கே விழும் மிகச் சிறிய வோல்ட்டை வைத்தே மின்னோட்டம் அளக்கப்படுகிறது. அதன் மேல் ஈயப்பற்று வைத்தால் மின்தடை குறைந்து, 20 ஆம்பியர் ஓடும்போதும் கன்ட்ரோலர் அதை 15 என்றே எண்ணிக்கொள்ளும். இப்படிச் செய்யப்பட்டு வந்த வண்டிகளில் கன்ட்ரோலருக்குள் எரிந்த மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களையும், மோட்டாருக்குள் மின்சாரம் கொண்டுபோகும், அச்சருகே உறை உருகி ஒட்டிக்கொண்ட ஃபேஸ் கம்பிகளையும், ஹப்புக்குள் பல் உதிர்ந்த நைலான் கியர்களையும் பார்த்திருக்கிறேன். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இதைச் செய்து தருவதில்லை. கூடுதல் இழுவை கட்டாயம் வேண்டுமென்போர், மிதிகட்டை அருகே அமர்ந்து, சங்கிலி வழியே வண்டியின் கியர்களையும் பயன்படுத்தும் மையமோட்டார் வண்டியைப் பார்க்கலாம், விலைதான் கடிக்கும்.

தஞ்சாவூர் உறுப்பினர்:

எங்கள் ஊர் சமதளம். ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். ஆனாலும் பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கிய பிறகு, பாலத்தில் மட்டும் வண்டி திடீரென உயிர் விடும். கீழே இறங்கியதும் மறுபடி ஓடும். காரணம் வோல்ட் சரிவு. பழகிய பேட்டரிக்கும் கம்பிகளுக்கும் சேர்த்து 0.2 ஓம் மின்தடை இருந்தால், 15 ஆம்பியர் இழுக்கும்போது 3 வோல்ட் விழும். ஓய்வில் 33 காட்டும் பேட்டரி 30-க்கு இறங்க, பேட்டரி அளவுக்கு மீறி இறங்காமல் காக்கும் காப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 8 ஆம்பியர் மட்டும் இழுத்தால் சரிவு 1.6 வோல்ட்டுதான்.

என் வண்டியில் கேடி (KT) என்ற தயாரிப்பு வகைக் கன்ட்ரோலரும் திரையும் இருப்பதால் பற்றவைப்பு எதுவும் தேவைப்படவில்லை. திரையின் அமைப்புகளில் சி5 (C5) என்ற இடத்தில் 10 இருந்தால் முழு ஆம்பியர் வரம்பு. 4 வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு, 3 வைத்தால் பாதி. நான் 4-இல் வைத்திருக்கிறேன். புறப்படும்போது இழுவை சற்று மந்தமாகிறது என்பது உண்மைதான். சிக்னலில் ஓரிரு மிதி கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கிறது. பாலத்தில் இப்போது நிற்பதில்லை.